அவள் பங்குக்கு நான் கத்தினேன்

அவைக்குத் தலைமை ஏற்று, அமைதியே அணிகலனாய் அமர்ந்திருக்கும் எங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! அதட்டலையும் அன்பையும் ஒரே குரலில் வைத்திருக்கும் பிரசவப் பகுதியின் பெரிய சிஸ்டர் அவர்களே! மலையிலிருந்து இறங்கி வந்து மணிக்கணக்காய்ப் பொறுமை காக்கும் எங்கள் பழங்குடிப் பெரியோர்களே! பெற்ற தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே, பெற்றது போதும் என்று கும்பிடு போட்டுவிட்ட தாய்மார்களே! மனைவி பேசுகிறாளே என்று மரியாதைக்காக முன்வரிசையில் அமர்ந்து, மரியாதை குறையாமல் தூங்கத் தொடங்கிவிட்ட என் வீட்டுக்காரரே! உங்கள் அனைவருக்கும் உள்ளம் நிறைந்த வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் ஐயா. எனக்கும் அதற்கும் ஒரே வேலை. பக்கத்தில் நின்றால் எங்களுக்குள் சண்டை வரும். என்னை எங்கள் குடியிருப்பில் ‘லவுட்ஸ்பீக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிரிக்கிறீர்களே, உங்களில் பாதிப் பேர் அந்தப் பெயரைச் சொல்லித்தானே என்னைத் தேடி வந்தீர்கள்?

என் தொழில் பேறுகாலத் துணை. அப்படியென்றால் என்ன? பிரசவம் பார்ப்பேனா? மாட்டேன். ஊசி போடுவேனா? மாட்டேன். கத்தரிக்கோலைத் தொடுவேனா? தொட்டால் பெரிய சிஸ்டர் அதே கத்தரிக்கோலால் என் விரலை நறுக்கிவிடுவார். நான் கூட இருப்பவள். வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்த நாள் முதல், அது பால்குடித்துத் தூங்கும் நாள் வரை கூடவே இருப்பவள். ஸ்கேன் அறை வாசலில் கூட நிற்பேன். டாக்டர் சொன்னதை எங்கள் பேச்சில் எடுத்துச் சொல்வேன். இடுப்பு விட்டுப்போகிறது என்றால் தேய்த்துவிடுவேன். மாமியார் படுத்துகிறாள் என்றால் மாமியாரிடம் பேசுவேன். பேசினால் எப்படிப் பேசுவேன் என்று தெரியுமே, அதன் பிறகு அந்த மாமியார் அந்தப் பக்கமே வருவதில்லை.

எங்கள் குடிப் பெண்ணுக்கு எங்கள் குடிப் பெண்ணே துணை. அவ்வளவுதான் விஷயம். அந்த ‘அவ்வளவு’ இல்லாமல் எங்கள் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமா? பட்ட அவமானம் கொஞ்சமா? அதனால்தான் ஆறு மாதம் வெள்ளோட்டமாக எங்களைப் பிரசவ அறைக்குள் விட்டுப் பார்த்தார்கள். இன்றோடு அந்தத் தவணை முடிகிறது. இனியும் விடுவார்களா, பழையபடி எங்கள் முகத்தில் கதவைச் சாத்துவார்களா என்பதைத் தலைவர் அம்மா இந்த மேடையில்தான் அறிவிக்கப்போகிறார். அதற்கு முன்னால் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்ததை விடுவேனா நான்?

எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிரசவ வலியில் கத்தமாட்டார்கள். வலிக்காதா? வலிக்கும். உயிரே போய்த் திரும்பும். ஆனாலும் வாய் திறக்காது. ஏன் தெரியுமா? பிள்ளை இந்த உலகத்தில் முதலில் கேட்கும் குரல் அலறலாக இருக்கக்கூடாதாம். கேட்டால் பயந்துபோய் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளுமாம். நான் மட்டும் விதிவிலக்கு. என் மகன் பிறந்தபோது ஊரே கேட்கும்படி கத்தினேன். அவன் ஒன்றும் பயப்படவில்லை. இன்றுவரை அவன் எனக்குப் பயப்பட்டதே இல்லை.

ஆனால் பிரசவ வார்டு எதை வைத்து ஓடுகிறது? சத்தத்தை வைத்து ஓடுகிறது. கட்டில்கள் அதிகம், கைகள் குறைவு. எந்தக் கட்டிலில் அலறல் அதிகமோ அந்தக் கட்டிலுக்குத்தான் கால்கள் ஓடும். நான் குற்றம் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பேன். ஆனால், அலறாதவள் கதி? பல்லைக் கடித்துப் பொறுத்தவள் கதி? சத்தமில்லாமல் சாவோடு மல்லுக்கட்டியவள் கதி?

அந்தக் கதியைப் பார்த்தவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. சட்டைக்குப் பொத்தான் தைக்கும் கம்பெனியில் வேலை. வீட்டில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். முதல் பிரசவத்துக்கு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கத்தவில்லை. ‘இன்னும் நேரம் இருக்கும்மா, கொஞ்சம் நடங்க’ என்று அனுப்பினார்கள். நடந்தாள். குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வராந்தாவின் வெறுந்தரையில், செருப்புக் கால்கள் கடந்துபோகும் இடத்தில் பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. அவள் பிழைத்தது பெரும்பாடு.

இரண்டாவது பிள்ளை தங்கியது. இங்கே டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ‘முதல் தடவை ரத்தப்போக்கு இருந்திருக்கு. இந்தத் தடவையும் வரலாம். வீட்டுல வெச்சுக்கிட்டா ஆபத்து.’ நான் அவளிடம் போனேன்.

‘அண்ணி, நான் வரல’ என்றாள். ‘செத்தாலும் வீட்டுலயே சாகுறேன்.’

‘ஏன்டி வாயக் கழுவு! என்ன பேச்சு இது?’

‘அன்னைக்குத் தரையில கிடந்தேன். போறவங்க வர்றவங்க எல்லாரும் பார்த்தாங்க. யாரும் என்னன்னு கேக்கல.’ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: ‘நீங்க கூட உள்ள வந்தா வர்றேன். கதவுக்கு வெளிய நிக்கிறதா இருந்தா வேணாம்.’

‘வர்றேன்டி’ என்றேன். உள்ளே விடுவார்களா என்று எனக்கு என்ன தெரியும்? வாய் முந்திக்கொண்டது. என் வாய் எப்போது முந்தவில்லை?

வலி கண்டதும் ஒரு முற்பகல் வேளையில் இந்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். ‘உள்ள வேற ஆள் நிக்கக்கூடாதும்மா, ரூல்ஸ்’ என்று பெரிய சிஸ்டர் என்னை வாசலுக்குத் தள்ளினார். பாதி திறந்த கதவு வழியாக நான் நாத்தனாரைப் பார்க்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள். ‘தண்ணி வேணுமா?’ என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ‘இடுப்பு வலிக்குதா?’ என்றேன். ஆமாம் என்றாள். அடுத்து ஒன்று கேட்டேன். தலை அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கால்விரல்கள் பத்தும் உள்ளே மடங்கின. எங்கள் பெண் தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டால் பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

‘சிஸ்டர், அவளுக்கு நேரம் ஆயிடுச்சு!’

‘பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருக்காங்க. இவங்களுக்கா நேரம்? அந்தக் கட்டிலைப் பாருங்க, ஒருத்தங்க கூரையையே பிரிக்கிறாங்க. நான் எங்கம்மா போறது?’

சொல்லுங்கள் தாய்மார்களே, நான் என்ன செய்வேன்? கெஞ்சினால் கேட்க நேரமில்லை. கதவைத் தள்ளினால் காவலாளி வருவார். அவளோ கத்தமாட்டாள். சரி, அவள் பங்குக்கு நான் கத்தினால் என்ன? மூச்சை இழுத்தேன். ‘அம்மாஆஆ! போச்சே! வருதே! யாராவது பிடிங்களேன்!’

அடடா, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! மாடியிலிருந்து ஓடிவந்தார்கள், மருந்துக் கடையிலிருந்து ஓடிவந்தார்கள். இரண்டு பேர் என்னைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டேவிட்டார்கள். பயிற்சி டாக்டர் ஒருவர் என் வயிற்றில் கை வைத்து, ‘பயப்படாதீங்க, எத்தனை மாசம்?’ என்கிறார்.

‘டாக்டர், இது காலையில சாப்பிட்ட சாப்பாடு! பிள்ளை அங்க இருக்கு!’

அத்தனை தலைகளும் நான் கை நீட்டிய பக்கம் திரும்பின. அங்கே குழந்தையின் தலை தெரிந்துகொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் பாய்ந்தார். வயதென்ன, வேகமென்ன! ஏந்திய கையில் வந்து விழுந்தது ஒரு பெண் குழந்தை. அம்மா கத்தாததற்கும் சேர்த்து அது கத்தியது.

கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. டாக்டர் பயந்தது போலவே இரத்தம் கொட்டத் தொடங்கியது. பெரிய சிஸ்டரின் முகம் மாறியது. ஒரு கையால் வயிற்றை அழுத்துகிறார், மறு கைக்கு மருந்து கேட்கிறார். நாத்தனார் கண்மூடிக் கிடக்கிறாள். அப்போது அவர் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்: ‘ஏம்மா கத்துனவங்களே! இங்க வாங்க! இவங்க எப்பவும்போல சும்மா இருக்காங்களா, மயங்குறாங்களா? எனக்குத் தெரியல, நீங்க சொல்லுங்க!’

சபையோரே, எந்த அறைக்குள் நுழையக்கூடாது என்றார்களோ அந்த அறைக்குள் நுழைந்தேன். அவள் கையைப் பிடித்தேன். காதோரம் எங்கள் பேச்சில் கேட்டேன், ‘கண்ணு, பாப்பா யார் ஜாடைடி?’ என்று. கட்டைவிரலால் என் கையை அழுத்தினாள். ‘இருக்கா சிஸ்டர்! நல்லா அழுத்துறா!’ மறுபடி கேட்டேன். அழுத்தினாள். மறுபடி கேட்டேன். விரல் நழுவியது. ‘சிஸ்டர், பிடி தளருது! இது சும்மா இல்ல, மயக்கம்!’

அந்தச் சொல்லை ஒரு நொடிகூட அவர் சந்தேகிக்கவில்லை. அடுத்த ஊசி ஏறியது, இரத்தப் பை தொங்கியது, டாக்டர்கள் சூழ்ந்தார்கள். நோயை அவர்கள் அறிந்தார்கள், அவளை நான் அறிந்தேன். இரண்டு அறிவும் ஒரே கட்டிலுக்கு இரு பக்கமும் நின்றன. நான் கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து அந்த விரல் மெல்ல அசைந்து மறுபடியும் என் கையை அழுத்தியது. அப்போது நான் அழுதேன், பெரிய சிஸ்டரும் அழுதார். இப்போது இல்லை என்று தலையாட்டுகிறார், நம்பாதீர்கள்.

கண் திறந்ததும் என் நாத்தனார் சொன்ன முதல் வார்த்தை என்ன? ‘அண்ணி, ஏன் அப்படிக் கத்துனீங்க? மானமே போச்சு.’ கேட்டீர்களா நியாயத்தை!

மறுநாள் பெரிய சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். ‘இனிமே வாசல்ல நின்னு கத்தாதீங்க. உள்ள வந்து மெதுவாச் சொல்லுங்க’ என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, தலைவர் அம்மாவிடம் அவரே போய் வாதாடினார். அப்படிப் பிறந்ததுதான் இந்த ஆறு மாத வெள்ளோட்டம். முட்டிபோட்டுப் பெறுவது எங்கள் பெண்களுக்கு வசதி என்று சொன்னோம், கழுவித் துடைக்கும்படியான தடித்த விரிப்பு ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டார். வலியில் துணையின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள் என்றோம், எனக்கு ஒரு முக்காலி கொடுத்தார். கழுத்து வலிக்குத் தைலம் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

சரி, இப்போது எதற்கு இத்தனையும்? அதோ மூன்றாவது வரிசையில், மஞ்சள் சேலையில் ஒரு தாய் அமர்ந்திருக்கிறார். எங்கள் குடிப் பெண். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. சபையில் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். அவர் என்னிடம் சொன்னது இது: ‘நீங்க உள்ள இருப்பீங்கன்னா வர்றேன்க்கா. இல்லன்னா என்னைத் தேடாதீங்க.’ தலைவர் அம்மா அவர்களே! அந்தக் கதவு ஒரு மரப்பலகை மட்டும்தானா? இந்தத் தாய்க்கு அது உயிர் அல்லவா? அவர் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது உலகமல்லவா? கேட்கிறேன், கைகூப்பிக் கேட்கிறேன், கதவைத் திறந்தே வையுங்கள்!

என்ன சொல்கிறீர்கள் தலைவர் அம்மா? மைக்கில் சொல்லுங்கள், சபைக்கும் கேட்கட்டும்.

‘அந்த முடிவு காலையிலேயே எடுத்தாச்சும்மா. நீங்க இனிமே நிரந்தரமா உள்ளதான்.’

காலையிலேயேயா! அப்படியானால் நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசியது எதற்கு?

‘கதை நல்லா இருந்துச்சு. நிறுத்த மனசு வரல.’

பார்த்தீர்களா மக்களே, அமைதியான மனிதர்களை நம்பவே கூடாது! கொஞ்சம் பொறுங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

மஞ்சள் சேலைத் தாயே, கேட்டாயா? வலி உன்னுடையது. அதை எப்படித் தாங்குவது என்பதும் உன் உரிமை. கத்தத் தோன்றினால் கத்து, தோன்றாவிட்டால் விடு. படுக்கப் பிடித்தால் படு, முட்டிபோடப் பிடித்தால் முட்டிபோடு. எங்களுக்காக நீ ஒன்றையும் மாற்றிக்கொள்ள வேண்டாம், வந்தால் போதும். என்ன கேட்கிறாய்? எப்போது வரவேண்டும் என்றா?

நாளைக்குக் காலையிலேயே வாம்மா, முதலில் ரத்த அழுத்தம் பார்த்துவிடலாம். நான் வாசலில் நிற்கமாட்டேன், உள்ளே இருப்பேன்.

கேட்ட செவிகளுக்கும், திறந்த கதவுக்கும், தூக்கம் கலைந்து இப்போது எல்லோருக்கும் முன்னால் கைதட்டும் என் வீட்டுக்காரருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.