எதிரணிப் பேருந்தை நான் எடுத்துச் சென்ற விவரம்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தாறு. நகரப் பேருந்து ஓட்டுநர். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

என் கணவர் பழைய பல்கலைக்கழகத்தின் ஹாக்கிப் பயிற்சியாளர். என் தம்பி புதிய பல்கலைக்கழகத்தின் ஹாக்கிப் பயிற்சியாளர். ஒரே மாநிலத்தில் இருந்தும் அந்த இரண்டுக்கும் ஜென்மப் பகை. அதனால் இவர்களும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. என் வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டாலும், உப்பை நகர்த்தச் சொல்ல வேண்டுமென்றால் இருவரும் என்னிடம்தான் சொல்வார்கள்.

கடந்த சனிக்கிழமை பழைய பல்கலைக்கழக மைதானத்தில் இரு அணிகளுக்கும் ஆட்டம் நடந்தது. நானும் பார்க்கப் போயிருந்தேன். இடைவேளையில் என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்சுக்குச் சொன்னோம். முன்வாசல் சாலையில் இரு தரப்பு மாணவர்களும் அடித்துக்கொண்டிருந்ததால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. அருகில் நின்றது புதிய பல்கலைக்கழகத்தின் பேருந்து ஒன்றுதான். தம்பியைக் கேட்டேன். "கொஞ்சம் இரு அக்கா, ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று போனை எடுத்தான். கீழே கிடந்த கணவரோ, "அந்த பஸ்ல ஏத்தாத, மானம் போயிடும்" என்றார்.

"உயிர் இருந்தாத்தானே மானம்? வாயை மூடுங்க" என்றேன்.

பேருந்தின் ஓட்டுநர் சண்டையை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அதன்பின் தம்பி போனைப் பையில் போட்டுவிட்டு, ஆட்டக்காரர்களுடன் சேர்ந்து கணவரைத் தூக்கி ஏற்றினான்.

அதன்பின் பின்பக்க கேட்டுக்குப் போனேன். அது பூட்டியிருந்தது. "இந்த வழியா அவங்க பஸ்ஸை விடக்கூடாதுன்னு உத்தரவு மேடம்" என்றார் காவலாளி. உள்ளே படுத்திருப்பது உங்கள் பயிற்சியாளர்தான் என்றேன். எட்டிப் பார்த்துப் பதறினார். ஆனால் சாவி பதிவாளரிடம் இருந்தது. பதிவாளர் போனை எடுக்கவில்லை. காவலாளியை ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தேன். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, கேட்டை இடித்துக்கொண்டு வெளியே போனேன். பின்னால் என் தம்பி, "மச்சான், கண்ணைத் திறங்க மச்சான்" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

இதய அடைப்பை எடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அதன்பின் பேருந்து திருட்டு என்று ஒரு பல்கலைக்கழகமும், கேட் சேதம் என்று மற்றதும் என்மேல் புகார் கொடுத்ததாக அறிந்தேன். நேற்று இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆட்கள் தனித்தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பழைய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், "தம்பிதான் இடிக்கச் சொன்னார்னு ஒரு வரி சொல்லிடுங்கம்மா, கேஸை வாபஸ் வாங்கிடறோம்" என்றார். மற்றவர் கேட்டைப் பூட்டியவர்கள்மேல் பழியைப் போடச் சொன்னார். இருவரையும் வந்த வழியே போகச் சொன்னேன்.

இன்று காலை கணவர் தெளிவாகப் பேசினார். முதலில் கேட்டது, "மேட்ச் என்னாச்சு?" பாதியில் நின்றுவிட்டது என்றேன். "அப்ப நாங்க தோக்கல" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் விழித்திருந்த என் தம்பி, "ஜெயிக்கவும் இல்ல மச்சான்" என்றான். அப்போது தொடங்கியவர்கள் நிறுத்தவில்லை. இவர்களைப் பேச விடாதீர்கள் என்று நர்ஸிடம் கெஞ்சிவிட்டு இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பேருந்தை எடுத்ததும் கேட்டை இடித்ததும் நானே. யாரும் சொல்லிச் செய்யவில்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(கையொப்பம்)