இஸ்ரேல் மந்திரியும் ஆறிப்போன பஜ்ஜியும்

மாம்பலம் ஸ்டேஷனில் நான் ராத்திரி படுத்திருந்த பெஞ்சில், காலையில் இரண்டு மாமிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

“இஸ்ரேல்ல ஒரு வக்கீல் மந்திரியானான், நம்மாத்து பஜ்ஜி ஆறிப்போச்சுடி.”

“என்னடி உளர்றே?”

“நேத்து பொண்ணு பார்க்க வந்த பையனும் வக்கீல். அந்த இஸ்ரேல்காரன் ஊரே திட்டற ஆளுக்கெல்லாம் கோர்ட்ல வாதாடி எப்படி மந்திரியானான்னு ஒரு மணி நேரம் பேசினான். தானும் அப்படியே ஆயிடுவானாம்.”

“நல்ல வரன்தானே. முடிச்சுடேன்.”

“முடிக்கலாம்னுதான் இருந்தேன். எம்பொண்ணு கேட்டுட்டா, ‘இப்போ உங்க கையில என்ன கேஸ் இருக்கு?’ன்னு.”

“என்ன கேஸாம்?”

“ஹெல்மெட் போடாததுக்கு அவன் மேலேயே போட்டதாம். அவனே வாதாடறானாம்.”

“அப்புறம்?”

“இவ பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துண்டு போயிட்டா. அப்போதான் வாயை மூடினான்.”