சந்தனம் வைத்த பிரஷ்

மரக்காணத்தில் பஸ் ஏறியதும் என் மகன் மடியிலேயே தூங்கிவிட்டான். காற்று அவன் காதில் படுமோ என்று ஜன்னல் ஷட்டரை இறக்கினேன். மூச்சு முட்டுமோ என்று பாதி ஏற்றினேன். ஆயுத பூஜைக்கு மறுநாள். சென்னைக்குத் திரும்பும் கூட்டம். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் சந்தனமும் குங்குமமும் வைத்த அகலமான பிரஷ் ஒன்று இருந்தது.

“இதை எந்தத் தண்ணியில கழுவின?” என்று அவன் கேட்டான்.

“நம்ம போர் தண்ணியிலதான். கழுவாமயா பூஜையில வைப்பாங்க?”

“போச்சு. நாங்க பில்டிங் கண்ணாடி கழுவ அடிக்கிற தண்ணியில உப்பே இருக்காது. மெஷின்ல சுத்தம் பண்ணி வரும், துடைக்காமலே காயும். இதைப் போட்டுத் தேய்ச்சா பில்டிங் பூரா வெள்ளையாப் பூத்துடும். சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு.”

“உப்பளத்துல வேலை செய்றவகிட்ட உப்பு ஆகாதுன்றியே.”

அவன் சிரித்துவிட்டான். “போனதும் அவருகிட்டச் சொல்லிட்டு, அந்தத் தண்ணியிலயே நல்லா அலசிடறேன். சந்தனம் போயிடும், பரவால்லியா?”

அவள் பிரஷைத் திருப்பிப் பார்த்தாள். “நீ விழக் கூடாதுன்னுதான் வச்சேன். நாலு மாடியாச்சே.”

“நான் எங்க ஏறுறேன்? இதைக் கழி முனையில மாட்டி, கழியை நீட்டிக்கினே போவோம். பிரஷ்தான் நாலு மாடி போவும். நான் தரையில நிக்கிறேன்.”

“தரையிலயா?”

“தரையிலதான்.”

அவள் புடவைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

“நீ வேலைக்குச் சேந்ததுலேர்ந்து, நான் கண்ணை மூடுனா நீ கயித்துல தொங்கிக்கினு இருப்ப,” என்றாள். “இன்னிக்குத்தான் கீழ எறங்குற.”