ரோஜாவின் கிண்ணம்

வெள்ளை ராஜ்மாவை ஊறவைக்கும் தண்ணீரிலேயே உப்புப் போட வேண்டும் என்று என் தங்கை சொன்னபோது நான் நம்பவில்லை. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சுண்டல் அவிக்கும்போதுகூட உப்பைக் கடைசியில்தான் போடுவோம். ஆனால் அவள் சொன்னது சரி. உப்புத் தண்ணீரில் ஊறிய பயறு தோல் வெடிக்காமல், உள்ளே வெண்ணெய் போல வெந்தது. நல்லதை நல்லது என்று ஒப்புக்கொள்ள எனக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. அதனால்தான் இங்கேயும் வந்திருக்கிறேன்.

என் பெயர் இருதயமேரி. திண்டிவனத்தில் குடியிருக்கிறோம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். கணவர் ஆரோக்கியராஜ் தனியார் பஸ் ஓட்டுகிறார். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. தங்கை அன்புச்செல்வியின் கணவர் பைபாஸ் சாலையில் லாரி மோதி இறந்தபோது, அவள் மகள் ரோஜா சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். தெரிந்த கன்னியாஸ்திரிகள் மூலம் செல்விக்கு இத்தாலியில் வேலை கிடைத்தது. வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. ரோஜாவை என் இடுப்பில் ஏற்றிவிட்டு விமானம் ஏறினாள். ரோஜா முதன்முதலில் அம்மா என்று சொன்னது என் முகத்தைப் பார்த்துத்தான். நான் திருத்தவில்லை. அந்த வயதில் யார்தான் திருத்துவார்கள்?

ரோஜாவுக்கு மல்லாட்டை ஆகாது. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். விக்கிரவாண்டியில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் யாரோ மல்லாட்டை உருண்டையைக் கிள்ளி அவள் வாயில் வைத்துவிட்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள் உதடு வீங்கி, மூச்சு விசில் போல இழுத்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தாள். அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்தத் தடவ பொழச்சிக்கிச்சும்மா. அடுத்த தடவ இதவிட மோசமா வரலாம். கிட்டகூட கொண்டுபோகாதீங்க." அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று நான் இப்போது சொல்லமாட்டேன். நன்றாகப் புரிந்தது.

எங்கள் பக்கம் மல்லாட்டை விளையும் மண். அறுவடைக் காலத்தில் வாசலுக்கு வாசல் தோல் பறக்கும். இட்லிக்குச் சட்னி அது, தாளிக்கும் எண்ணெய் அது, சாயங்காலம் கொறிப்பதும் அதுதான். மல்லாட்டை ஒரு பிள்ளையைக் கொல்லும் என்றால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் வெளிப்படையாகவே சிரித்தாள்.

"மல்லாட்டை துன்னு எவனாச்சும் செத்துக்கீறானா? இன்னாடி மேரி, ஊருல இல்லாத சீக்கா உன் பொண்ணுக்கு மட்டும் வந்துகீது?"

"உன் பொண்ணு" என்றுதான் அவள் சொன்னாள். அதனால் அந்தச் சிரிப்பு எனக்கு உறைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் அந்தப் பிள்ளையை வளர்த்தேன். எங்கள் வீட்டுக்குள் மல்லாட்டை வரவில்லை. எண்ணெயை மாற்றினேன். நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே அவளைச் சேர்த்து, என் கையால் மட்டும் சாப்பிடவைத்தேன். கல்யாண வீட்டுக்குப் போனால் அவளுக்குத் தனியாகத் தூக்கில் சோறு வரும். அவள் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்பது இந்த உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் முழுதாகத் தெரியும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் செல்வி விடுமுறையில் வந்தபோது பேனா மாதிரி ஒரு ஊசி கொண்டுவந்தாள். மூச்சு முட்டினால் தொடையில் வைத்து அழுத்தினால் போதும், உயிரைக் காப்பாற்றிவிடும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தாள். "வெயில்ல வெச்சிடாதக்கா, கெட்டுப்பூடும்" என்றாள். திண்டிவனத்து மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். போலியோ சொட்டு மருந்து எங்கள் பள்ளிக்கு ஐஸ் பெட்டியில்தான் வரும். அதனால் அந்த ஊசியை ஃபிரிட்ஜில் மேலே, ஐஸ் பிடிக்கும் பெட்டியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். மின்சாரம் போய் வந்தால் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

இந்த மே மாதம் செல்வி மறுபடி வந்தாள். இந்த முறை கையில் காகிதங்கள் இருந்தன. ரோஜாவை அழைத்துப்போக அந்த நாட்டில் அனுமதி கிடைத்துவிட்டது. ஜூன் கடைசியில் பயணம். இதை என்னிடம் அவள் கேட்கவில்லை. சொன்னாள். சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்பதையும் மறைக்கமாட்டேன்.

வந்ததிலிருந்து அவள்தான் சமைத்தாள். பாண்டிச்சேரிக் கடையிலிருந்து வெள்ளை ராஜ்மா வாங்கிவந்து, தான் வேலை செய்த வீட்டில் கற்றதைச் செய்தாள். 'க்ரேமா' என்பாள் அதை. பூண்டுப் பற்களைத் தோலோடு போட்டுப் பயறை வேகவைப்பாள். அங்கே ஏதோ ஒரு தழை போடுவார்களாம். இங்கே அதற்குப் பதில் தொட்டியிலிருந்த கற்பூரவல்லி இரண்டு இலை. சூட்டோடு மிக்ஸியில் போட்டு, வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அரைத்து, எலுமிச்சை பிழிந்து, ஆலிவ் எண்ணெயை நூல் போல ஊற்றுவாள். கிண்ணத்தில் வழித்து, கரண்டி முதுகால் நடுவில் ஒரு பள்ளம் செய்து, அதில் எண்ணெய் தேங்கவிடுவாள். தோசைக்கல்லில் வாட்டிய பன்னைத் தொட்டுத் தின்ன வேண்டும்.

முதல் நாள் என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா செல்வி, சுவத்துக்கு அடிக்கிற பட்டி மாரி கீது?" என்றார்.

"துன்னு பாத்துட்டு பேசுங்க மாமா."

அவர் தின்றார். "மெய்தான், நல்லாத்தான் கீது. ஒரு காஞ்ச மொளகா கிள்ளிப் போட்டுக்கினா இன்னும் ஜோரா இருக்கும்."

"இத்தாலிக்காரன் கேட்டான்னா உங்கள ஒதைப்பான்."

ரோஜா கரண்டியை நக்கிக்கொண்டே சிரித்தாள். "அம்மா, இன்னுங்கொஞ்சம்" என்றாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "பெரிம்மாவையும் வெக்கச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து நான் பெரியம்மா. முறைப்படி பார்த்தால் அதுதான் சரி. அக்காள் பெரியம்மாதானே.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். வேற்று நாட்டில், வேலைக்குப் போகும் ஒருத்தி, இந்தப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வாள்? எந்த டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? அது செல்விக்கும் தெரிய வேண்டும், ரோஜாவுக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிப் புரியவைக்க முடியாததைக் காட்டிப் புரியவைக்கலாம். லேசாக ஒரு தடிப்பு, கொஞ்சம் மூச்சிழுப்பு. நாலு பேர் பார்க்க நான் ஊசி போட்டுக் காப்பாற்றுவேன். பிறகு செல்வியே பயந்துபோய், "அக்கா, உங்கிட்டயே இருக்கட்டும்" என்பாள். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்றே பட்டது.

பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் தெருவில் வேண்டியவர்களுக்கு ஒரு சாப்பாடு வைத்தாள் செல்வி. நிறையப் பேருக்கு க்ரேமா அரைக்க எங்கள் மிக்ஸி ஜார் போதவில்லை. கோவிந்தம்மாளிடம் பெரிய ஜாரை வாங்கிவந்தாள். அந்த ஜார் எங்கள் வாசலைத் தாண்டியபோதுதான், மல்லாட்டை எங்கிருந்து வந்தது என்று காட்ட எனக்கு வழி தெரிந்தது.

அவித்த மல்லாட்டையை முந்தின நாளே பஸ் ஸ்டாண்டு வண்டியில் வாங்கி, பள்ளிக்கூடச் சமையலறையில் வைத்து மசித்து, சின்ன டப்பாவில் வைத்திருந்தேன். வறுத்தது மாதிரி அவித்ததற்கு மணம் தூக்காது. நிறமும் வெள்ளைதான். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகே ரோஜாவுக்குத் தலை வாரினேன். அந்த அளவுக்கு நான் கவனமாக இருந்தேன்.

ரோஜாவுக்கு எப்போதும் தனிக் கிண்ணம். அதில் செல்வி க்ரேமாவை வைத்துப் பள்ளம் செய்து எண்ணெய் ஊற்றிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கக் கூடத்துக்குப் போனாள். நான் எண்ணெய்க்கு அடியில் டப்பாவில் இருந்ததைக் கலந்து, அவள் செய்தது போலவே மறுபடி கரண்டி முதுகால் பள்ளம் செய்தேன். அவள் பள்ளத்தைவிட என்னுடையது சீராக வந்தது.

கிண்ணத்தைச் செல்விதான் எடுத்துப்போய் மகளிடம் கொடுத்தாள். இரண்டு வாய். "தொண்டை அரிக்குது" என்றாள் ரோஜா. உதடு தடித்தது. செல்வி அலறினாள். நான் ஃபிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்துவந்து, பிள்ளையின் தொடையில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். கட்டை போலக் கிடந்தது. ஆட்டோவில் ஏற்றினோம். மேம்பாலம் ஏறும்போதே பிள்ளையின் தலை என் கையில் கனத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இத ஐஸ்ல வெக்கக்கூடாதேம்மா" என்றார்கள். எனக்கு அது தெரியாது. இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாமல் போனது அது ஒன்றுதான்.

வீட்டில் கூட்டம் சேர்ந்த பிறகு செல்வியிடம் ஒன்று கேட்டேன். "கோவிந்தம்மா வூட்டு ஜாரு, சோப்புப் போட்டுக் கழுவினியா?"

"கழுவினேன்க்கா."

"சோப்புப் போட்டு?"

அவளுக்கு நினைவில்லை. நான் கேட்டது ஒரு கேள்விதான், குற்றம் சாட்டவில்லை. கோவிந்தம்மாள் அன்று காலையில் அந்த ஜாரில் மல்லாட்டைச் சட்னி அரைத்ததாகத் தானே சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். ஜாரைத் தெருவில் போட்டு அம்மிக் குழவியால் நசுக்கினாள். "நான் சிரிச்சேனே, அந்தப் புள்ளைய வெச்சி நான் சிரிச்சேனே" என்று அவள் புலம்பியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் போலீஸ்காரரிடம் செல்வி சொன்னாள்: "எம்புள்ளைய நானே கொன்னுட்டேன் சார்." ஊசியைப் பற்றியும் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். ஐஸில் வைக்காதே என்று அக்காவிடம் தெளிவாகச் சொல்லாதது தன் தப்பாம். விபத்து என்று முடித்துவிட்டார்கள். பிறகு நான் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "துக்கத்துல ஏதேதோ பேசுறீங்கம்மா. வூட்டுக்குப் போயி படுங்க" என்றார். அதனால்தான் பஸ் ஏறி விழுப்புரத்துக்கு, அவருக்கும் மேலதிகாரியான உங்களிடம் வந்தேன்.

என் தங்கையின் மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் வந்தேன் என்று உள்ளே வந்ததும் உங்களிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான். அவள் சாப்பிடுவதில்லை. மிக்ஸிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டில் அவளைத்தான் உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவள் தோளைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாமியார், பிள்ளையை இழந்த தாய்க்காக ஜெபிப்போம் என்றபோது எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊசியை ஓடிப்போய் எடுத்தேனா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஓடவில்லை. ரோஜாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் நான் சமையலறை வாசலில் நின்றேன். பேச முடியாமல் போவதற்குள் அவள் ஒரு முறையாவது கூப்பிடுவாள் என்று தெரியும். கூப்பிடட்டும், போகலாம் என்று நின்றேன். அவள் கண் என்னைத் தாண்டிப் போனது. கையை நீட்டி, அம்மா என்று செல்வியைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகும் நான் உடனே நகரவில்லை. ஒருவேளை என்னைப் பார்க்கவில்லையோ, இன்னொரு முறை கூப்பிடுவாளோ என்று காத்திருந்தேன். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அதன் பிறகுதான் ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

அந்தக் கடைசி உதட்டசைவு எனக்கானது. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆகவே, இறந்த பிள்ளைக்கு நான் என்ன உறவு என்ற இடத்தில் நீங்கள் எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அம்மா என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.