பழைய கம்ப்யூட்டரும் மாடியில இருக்கிற அண்ணனும்

ஃபார்மேட்டா? தம்பி, மௌஸ்லேருந்து கையை எடுங்க முதல்ல. எடுங்கன்றேன்ல. உங்களுக்கு முன்னாடி வந்தவரும் இதையேதான் சொன்னாரு, வந்த வழியே அனுப்பிட்டேன். எதைக் கேட்டாலும் அழிச்சுட்டுப் புதுசா போடலாம்னா, அதுக்குப் படிச்ச ஆளு எதுக்கு? வீட்ல சுத்தியல் இருக்கு, நானே பாத்துக்குவேன்.

புதுசு வாங்கலாம்தான். கஞ்சத்தனம்லாம் இல்ல. அந்த எம்ப்ராய்டரி மெஷினைப் பாத்தீங்களா? அதோட கேபிள் சொருகற எடம் இதுல மட்டும்தான் இருக்கு. இப்ப வர்ற எதுலயும் கிடையாது. ஆனா இந்த ஸ்கூல்காரங்க இருக்காங்களே, யூனிஃபார்ம் பேட்ஜ் டிசைனைப் புது சாஃப்ட்வேர்லதான் அனுப்புவாங்களாம். அதை இதுல போட்டா, உன் சிஸ்டம் பழசு, முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பேட்ஜ் போகலன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்களாம்.

இதுக்கு முன்னாடியா? ஓடுச்சே. ஒவ்வொரு தடவையும் புதுசு வரும், இது அடம் பிடிக்கும், எங்கண்ணன் வந்து உக்காருவாரு. ஏதோ ஒரு ஃபைல் இல்லன்னு கேக்கும், எங்கேருந்தோ தேடிப் புடிச்சுப் போடுவாரு. உடனே இன்னொண்ணு கேக்கும். அதையும் போடுவாரு. கோவமே வராது அந்த மனுஷனுக்கு. நான் குடுத்த டீ பக்கத்துலயே ஆறிப் போயிருக்கும்.

எங்க இருக்காரா? மாடியிலதான். இப்ப நாற்காலி இழுத்த சத்தம் கேட்டுச்சே, அது அவர்தான். இல்ல, கூப்பிட முடியாது. பேச்சுவார்த்தை கிடையாது. எதுக்கா? இந்தக் கருமத்துக்குத்தான். மெஷினையும் இதையும் சேத்துத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா வாங்குன்னாரு. இது என் தொழில், உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போன்னேன். அதுல என்ன தப்பு? நூல் கோக்கறது நான், கண்ணு போறது எனக்கு. அதுக்குன்னு இப்படியா முறுக்கிக்கிட்டுப் போவாரு? வாசல்ல எதிர்ல வந்தா, செருப்பைப் பாத்துக்கிட்டே படியேறறாரு. கூடப் பொறந்தவ ஒருத்தி நிக்கறேன். பத்திக்கிட்டு வருது எனக்கு.

நானாதான் இறங்கிப் போனேன், தெரியுமா? வந்து பாக்கச் சொல்லுங்கன்னு அண்ணிகிட்ட சொல்லிவிட்டேன். அதுக்கு துரை என்ன பதில் அனுப்பினாரு தெரியுமா? ரிப்பேர் பண்ற எவனாலயும் முடியலன்னா அப்ப வர்றேன்னு சொல்லுன்னாராம். எவ்வளவு கொழுப்பு பாருங்க. நானும் விடல. இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு ஆள் பாக்கி இல்லாம கூப்பிட்டாச்சு. நீங்கதான் கடைசி.

சரி சரி, பாருங்க. ஃபார்மேட் மட்டும் வேணாம்.

என்ன தேடறீங்க? ம்... அதே சாஃப்ட்வேர்ல கொஞ்சம் பழைய வெர்ஷனா? அதுவும் ஃபைல் கேக்கும் பாருங்க. கேக்குதா? நான் சொல்லல? எங்க கிடைக்கும்னு தெரியுமா உங்களுக்கு? அண்ணனே அதுக்கு ராத்திரி பூரா... போட்டுட்டீங்களா? அதுக்குள்ளயா?

தொறக்குதே. பேட்ஜ் முழுசா தெரியுதே. நூல் கலர்கூட மாறாம வந்திருக்கு.

இல்ல தம்பி, சந்தோஷம்தான். மூஞ்சி அப்படித்தான் எனக்கு. கெட்டிக்காரர்தான் நீங்க, ஒத்துக்கறேன். காசு வச்சுக்குங்க, பேசினதுக்கு மேலயே இருக்கு. ஒண்ணே ஒண்ணு பண்ணிக் குடுங்க. அதை எடுத்துடுங்க. ஆமா, இப்பப் போட்டதைத்தான். நீங்க வர்றப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே வச்சுடுங்க. பேட்ஜ் தள்ளிப்போனா போகட்டும், அந்த ஸ்கூல்காரங்ககிட்ட நான் திட்டு வாங்கிக்கறேன்.

படிக்கட்டுகிட்ட எங்கண்ணி நிப்பாங்க. என்னாச்சுன்னு கேப்பாங்க. முடியலன்னு சொல்லிட்டுப் போங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, மேல கேக்கணும்.