முதலில் டிரம்மு போகட்டும்

பாய்க்கப்பல் ஓய்ந்து புகைக்கப்பல் வந்த காலமாம். சிப்பித்துறையில சந்தியாகு மாஸ்டர்னு ஒருத்தர் இருந்தாராம். கோவில் பேண்டுல கார்னெட் ஊதினவர், கப்பல் வேலைக்குப் போனார். போன துறைமுகமெல்லாம் அமெரிக்க டான்ஸ் பாட்டாக் கேட்டு நெஞ்சுல ஏத்திக்கிட்டார். திரும்பி வந்தார், பேண்டு கட்டினார். மலைமேல வெள்ளைக்காரங்க எந்தக் கிளப்புல ஆட்டம் வச்சாலும், "சிப்பித்துறை பேண்டைக் கூப்பிடு"ன்னு ஆச்சாம். அவர் ஊதினா கல்லுத்தூணுக்கும் கால் துடிக்குமாம்.

டிரம்மு, மாசிலாமணி. தோல் பதனிடுற தெருவுல பிறந்தவர். "அவர் தட்டு இல்லாட்டி என் ஊத்து வெறுங்காத்து"ம்பாராம் மாஸ்டர்.

ஒரு கிறிஸ்மஸ் சமயம். பெரிய துரை வர்ற மத்தியான டான்சு. கோட்டுப் போட்ட நம்மாளு ஒருத்தர்தான் கிளப்பு செக்ரட்டரி. வாசல்ல மறிச்சார்.

"எல்லாரும் இப்படி வாங்க. தோல்காரன் மட்டும் சமையக்கட்டு வழியா வரட்டும்."

மாஸ்டர் முகம் சுண்டிப்போச்சு. மாசிலாமணிதான், "விடும் மாஸ்டரே, அந்தப் பக்கம்னா கேக்காவது கெடைக்கும்"னு சிரிச்சுக்கிட்டே போனாராம். அந்தச் சிரிப்புதான் மாஸ்டரைச் சுட்டுச்சு. ஊதாமத் திரும்பினா பழி மாசிலாமணி தலையில விழும். ஊதினா கூட்டாளி மானம் போகும். என்ன செய்ய?

ஊதினார். ஊதினார்னா ஊதினார், விடாம ஊதினார்.

அந்தக் கிளப்புல ஒரு முறை உண்டு. கடைசி ஆட்டத்துக்குன்னு மெதுவா ஒரு பாட்டு. அதை ஊதி முடிக்காமப் பெரிய துரை கிளம்பக் கூடாது. துரை கிளம்பாம யாரும் கிளம்பக் கூடாது. மாஸ்டர் அதை மட்டும் ஊதலை. ஒரு பாட்டு முடியுமுன்ன அடுத்த பாட்டு. துரைக்கு மூச்சு வாங்குது. துரைசானி செருப்பைக் கழட்டிட்டா. செக்ரட்டரி ஓடி வந்தார்.

"என்ன வே, முடிக்க மாட்டீரா?"

"முடிக்கலாம்யா. கடைசிப் பாட்டுல முதல் தட்டு டிரம்மோடது. டிரம்காரர் இன்னும் வரலையே."

"இந்தா உக்காந்திருக்கானே."

"அது சமையக்கட்டு வழியா வந்த ஆளு. முன்வாசல் வழியா ஒருத்தர் வரணும்."

"இனி இந்த மலையில உமக்கு வேலை கிடையாது, தெரியுமா?"

"கீழ கடல் கெடக்கு."

அடுத்த பாட்டை எடுத்துட்டார். துரை கையை ஆட்டி, "சீக்கிரம் முடிங்க"ன்னாராம். செக்ரட்டரி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டே மாசிலாமணிக்கு முன்வாசலைக் கைகாட்டினார். மாசிலாமணி சமையக்கட்டு வழியா இறங்கினார், கட்டடத்தைச் சுத்தினார், டிரம்மை மார்புல தாங்கி முன்வாசல் வழியா வந்தார். ஆடினவங்க ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டாங்களாம். முதல் தட்டு விழுந்துச்சு. அதுக்குப் பெறகுதான் ஊத்து.

சொன்னபடியே மலைக்கதவெல்லாம் அடைச்சாங்க. மாஸ்டர் இறங்கி வந்து திருநாளுக்கு ஊதினார், கல்யாணத்துக்கு ஊதினார், கடைசிவரைக்கும் மாசிலாமணி பக்கத்துல நின்னே ஊதினார்.

அதனாலதான் இன்னைக்கும் சிப்பித்துறைக் கல்யாணத்துல, மாப்பிள்ளையே வாசல்ல வந்து நின்னாலும், முதல்ல டிரம்மு நுழையணும். பெண்வீட்டார் கதவை விரியத் திறந்து டிரம்காரரைக் கைபிடிச்சுக் கூட்டிப் போவாங்க. வெளியூர் மாப்பிள்ளை யாராச்சும் முறைச்சா, "பொறும் மாப்ளே, பெரிய துரையே பொறுத்தாரு"ம்பாங்க.