மலைக்கு அந்தப் பக்கம் ஒனைடா

ஒனைடா: ...கேபிள இழுக்கவா, வேண்டாமா? வாக்கிடாக்கிய கையில வச்சுக்கிட்டு ஊமையாயிட்டியா வெர்லின்?

வெர்லின்: இழுக்கா. ஆனா மெதுவா... கொழந்தைக்குத் தலை வாரிவிடற மாதிரி.

ஒனைடா: உனக்கு நான்தானேடா வாரிவிட்டேன்.

வெர்லின்: அதான் பயமா இருக்கு.

ஒனைடா: கொழுப்பு! நடுவுல மலை நிக்குது, உன் மூஞ்சியப் பாக்க வேண்டாம்னு நிம்மதியா இருக்கேன். அந்தத் திருப்பத்துக் கம்பத்துல பெரிய சக்கரம்தானே மாட்டின? சின்னதுல வளைஞ்சா உள்ள கண்ணாடி நூல் போயிடும்.

வெர்லின்: பெரிசுதான். பதினோரு வருஷமா இதையே கேக்கற.

ஒனைடா: போன மாசம் கேக்கல, ஒரு கேபிள் பாழாச்சு. மேஸ்திரி ரோஸ்கோ என்ன சொன்னான்? இன்னொண்ணு போச்சுன்னா...

வெர்லின்: தெரியும்க்கா. நம்மளப் பிரிச்சிடுவான். நான் கிடங்குல பெட்டி அடுக்கணும்.

ஒனைடா: நான் அந்த வாய் ஓயாத டென்வர்கூட ஒரே வண்டியில போகணும். அதுக்கு நானே கம்பத்துல தொங்கிடலாம்.

வெர்லின்: மெதுவாக்கா! இங்க கேபிள் உருளை வேகமா சுத்துது!

ஒனைடா: ஏண்டா பதறற? கேபிள் தலைப்புல, இழுக்கற கயிறு சேர்ற எடத்துல, முறியற ஆணி போட்டிருக்கல்ல? இழுவை மிஞ்சினா அது ஒடியும், கேபிள் தப்பிச்சிடும். அதுக்குத்தானே அது?

வெர்லின்: ...ஆமா.

ஒனைடா: நேத்து மூணு தடவ ஒடிஞ்சுது. இன்னிக்கு ஒரு தடவகூட இல்லியே.

வெர்லின்: இன்னிக்கு... நல்ல ஆணி. ஆமா, உன் பக்கம் கயிறு இழுக்கற வின்ச் மெஷின் சத்தமே கேக்கலியே? யாரோ சிரிக்கறாங்க.

ஒனைடா: ரேடியோ.

வெர்லின்: ரேடியோ உன்ன பேர் சொல்லிக் கூப்பிடுதே?

ஒனைடா: வேலையப் பாருடா! ...ம், இன்னும் பத்தடி... அஞ்சு... வந்துடுச்சு! தலைப்பப் பிடிச்சுட்டேன்.

வெர்லின்: தலைப்ப நீ கழட்டாதக்கா! நானே வந்து கழட்டறேன்!

ஒனைடா: அரை மைல் நடந்து வந்தா? மொதல்ல நூல் வழியா வெளிச்சம் அனுப்பி, எங்கயாவது ஒடிஞ்சிருக்கான்னு பாரு.

வெர்லின்: இரு... மெஷின போட்டுட்டேன்...

ஒனைடா: என்ன காட்டுது?

வெர்லின்: இரு, ஒவ்வொரு நூலா பாக்கறேன்...

ஒனைடா: டேய்! சீக்கிரம் சொல்லு!

வெர்லின்: பன்னெண்டு நூலும் சுத்தம்க்கா. ஒரு கீறல் இல்ல!

ஒனைடா: அப்பாடா! டென்வர்கிட்டருந்து தப்பிச்சேன். ...வெர்லின்.

வெர்லின்: ம்?

ஒனைடா: என் கையில இருக்கறது முறியற ஆணி இல்ல. இரும்பு போல்ட்டு.

வெர்லின்: ...திட்டாதக்கா. சும்மா சும்மா ஒடிஞ்சு உயிர வாங்குச்சு, அதான் மாத்தினேன். அப்புறம்தான் ஒறைச்சுது, கேபிளே அறுந்தாலும் போல்ட்டு ஒடியாதுன்னு. சொன்னா கொன்னுடுவ. காலையிலேர்ந்து சாமியக் கும்பிட்டுக்கிட்டு நிக்கறேன். ஆனா ஒண்ணு புரியல... உன் வின்ச் இழுக்கற இழுப்புக்கு உள்ள கண்ணாடி மாவாயிருக்கணுமே?

ஒனைடா: வின்ச் எங்கடா இருக்கு? ஏழு மணிக்கே எண்ணெய் விடாம ஓட்டி எரிச்சுட்டேன். ரோஸ்கோவுக்கு நீயும் சொல்லாத, நானும் சொல்லல. சர்ச்சுல விருந்துக்கு பீன்ஸ் உரிச்சுக்கிட்டிருந்த ஏழு பொம்பளைங்களக் கூட்டி வந்து கையாலதான் இழுத்தேன். கயிறு கொஞ்சம் கனத்தா போதும், "எங்களுக்கென்ன தலையெழுத்தா"ன்னு அப்படியே கீழ போட்டுட்டு உக்காந்துடறாங்க. எந்த ஆணியும் இவ்வளவு சீக்கிரம் ஒடியாதுடா.